இடது முன்சக்கரம்

கோதையாறு இறக்கத்தில் வந்த ஜீப்
குலசேகரம் சந்தையைத் தாண்டும்போதே நாறியது.
ஷீட்டுக்குப் புகை போடும் மணம் எங்கள் ஊருக்குப் பழக்கம்.
இது வேறு.
ரிம்மில் நான் சொட்டவிட்ட தண்ணீர்
தரையைத் தொடவேயில்லை.

டெல்பின் சாவியை பானெட்டின்மேல் வைத்தாள்.
"பிரேக்கு சவிட்டினா இடப்பக்கமா இழுக்கு.
சவிட்டாம விட்டாலும் இழுக்கு."
பின்னால் எட்டு கேன் ரப்பர் பால்,
கேன்களுக்கு நடுவே
கால் மடக்கி ஆறு பால்வெட்டுக்காரர்கள்.
அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி,
இதுவரை மூச்சை அடக்கியிருந்தவர்கள் மாதிரி
சாயாக்கடைக்கு நடந்தார்கள்.

சக்கரத்தைக் கழற்றினேன்.
உள்பக்கத்துப் பேட் இரும்பு வரைக்கும் தின்றுபோயிருந்தது.
வெளிப்பக்கத்துப் பேடில்
கம்பெனிக்காரன் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.
ஒருத்தனே வேலை செய்திருக்கிறான்.
நகர வேண்டிய காலிப்பர் நகரவில்லை.

காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்,
ஓசில் பாரம் இறங்கக்கூடாது.
மேல் பின் முனகிக்கொண்டே வந்தது.
கீழ் பின்
வார்ப்பிலேயே முளைத்தது போல நின்றது.

இழுத்தால் வராது. அடித்தால் தலை போகும்.
எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
மறுபடி எண்ணெய்.
மழை வந்து தகரத்தில் ஒரு பாட்டம் அடித்துவிட்டுப் போனது.
பிராக்கெட்டை வைசில் பிடித்து
ரப்பர் உறையை உரித்தெடுத்து
காஸ் தீயை இரும்பின் தோளில் மட்டும் காட்டினேன்,
பின்னில் படாமல்.
பிறகு ஸ்பானர்:
இந்தப் பக்கம் ஒரு மயிரிழை,
அந்தப் பக்கம் ஒரு மயிரிழை.
நூறு தடவையா, கூடுதலா, எண்ணவில்லை.
கிர்ர்ர் என்றது.
அந்தச் சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

வெளியே வந்த பின்
வேப்பங்குச்சி மாதிரி ஒரு பக்கம் மென்று கிடந்தது.
உரித்த உறையின் மடிப்பில் ஒரு சிட்டிகை மண்.
காந்தத்தை நீட்டினேன், கறுப்பெல்லாம் தாவி ஒட்டியது.
மிச்சமிருந்தது சிவப்பு, கண்ணாடிப் பொடி போல.
மலையில் இந்த மண் கிடையாது.
மண்டைக்காட்டில் செருப்பைக் கழற்றி உதறினால் விழும்.

"வண்டி கடல்ல எறங்கியிருக்கு" என்றேன்.
"சும்மா கரையில நிக்கல்ல.
பின்னால எறக்கி வள்ளம் இழுத்த வண்டி."

டெல்பின் காந்தத்தை வாங்கிப் பார்த்தாள்.
வளையல் இரண்டும் சங்கத்தில் இருக்கிறது,
அந்தப் பணத்தில் வாங்கியது.
"கடலு பாக்காத வண்டின்னு சொன்னான்."
யார் என்று நான் கேட்கவில்லை.
அவளே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு
டூல்பெட்டிமேல் வைத்தாள்.

"அண்ணா, பிரேக்குல பின்னு இறுகிப் போச்சு."

கொடிமுனையில் அலை அடிப்பது
குலசேகரத்தில் கேட்டது.
பிறகு கிளீட்டஸ் கேட்டான்:
"இடப்பக்கம், முன்னுலயா?"

எந்தச் சக்கரம் என்று
நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மார்த்தாண்டத்துக் கடையில் பஸ்சில் கொடுத்துவிட்ட பொட்டலம்
அந்நேரம் வந்தது, கண்டக்டர் கையில் பதினைந்து ரூபாய்.
புதுப் பின் இரண்டு, உறை நான்கு.
துளையை பிரஷ் விட்டுத் துடைத்தேன்,
துணி வெள்ளையாகவே திரும்பும்வரை.
சிலிக்கோன் கிரீஸ், மெலிசாக.
சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும்.
பின்னை உள்ளே தள்ளினேன்.
விரலை எடுத்ததும்
அடைபட்ட காற்று அதை
ஒரு நகக்கண் அளவு வெளியே தள்ளியது.
மறுபடி தள்ளினேன், மறுபடி வந்தது.
அப்படித்தான் இருக்க வேண்டும்.

டெல்பின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வலப்பக்கமும் கழத்துங்க" என்றாள் என்னிடம்.

அவள் கட் பண்ணாத போன்
டூல்பெட்டிமேல் இருந்து மெதுவாகச் சொன்னது:
"ஆமா... அதையும் பாத்துரு."

ஜாக்கியை உருட்டிக்கொண்டு
அந்தப் பக்கம் போனேன்.